அல்கோல் மங்கும் நேரத்தையும் நாளிதழில் வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் இரட்டை விண்மீன்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். சூரியனைப் போன்ற விண்மீன்களில் ஏறத்தாழப் பாதி தனித்து இருப்பதில்லை, ஒரு துணையுடனோ பல துணைகளுடனோதான் இருக்கின்றன என்பதைக் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருந்தார். ஆனால் முடிவில், இவற்றையெல்லாம் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களே அறிய முடியும், மற்றவர்கள் படங்களைப் பார்த்து நிறைவடைய வேண்டியதுதான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மறுப்பதற்காகவும், அதை ஒட்டித் தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல் என்னும் விண்மீன், தான் ஒன்றல்ல என்பதை எந்தக் கருவியும் இல்லாத ஒருவருக்கும் ஒரே இரவில் காட்டிவிடும். எந்த இரவில், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்ற விவரம் மட்டுமே அவருக்குத் தேவை. அந்த விவரத்தைத் தருவதற்கு நாளிதழைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

வெற்றுக்கண்ணுக்கு இரட்டையாகத் தெரிபவை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சப்தரிஷி மண்டலத்தின் வாலில் உள்ள வசிட்டரும் அருந்ததியும்தான். கூர்ந்த பார்வை உள்ளவர்கள் அவ்விரண்டையும் தனித்தனியே காண்கிறார்கள். ஆனால் அருகருகே தெரிவதை வைத்து மட்டும் எவற்றையும் இணை என்று சொல்லிவிட முடியாது. மகர ராசியில் கண்ணாலேயே இரண்டாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஆல்பா என்னும் விண்மீனை எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்று நம்மிடமிருந்து சுமார் 100 ஒளியாண்டுத் தொலைவிலும், மற்றொன்று அதைப் போலப் பல மடங்குத் தொலைவிலும் இருக்கின்றன. ஒரே திசையில் அமைந்திருப்பதைத் தவிர அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. ஒன்றையொன்று ஈர்ப்பால் பிணைத்துச் சுற்றிவருபவையே மெய்யான இரும விண்மீன்கள். அந்தச் சுற்றுதலை நம் கண் எதிரே மெய்ப்பித்துக் காட்டுவதால்தான் அல்கோலைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். பார்வைக்கு அது ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆயினும் மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், அந்தப் புள்ளியின் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சில மணி நேரத்தில் மறைந்து, மீண்டும் அதே அளவு நேரத்தில் திரும்பி வருகிறது. மங்கலான துணை விண்மீன், பொலிவான விண்மீனுக்கும் நமக்கும் இடையே குறுக்கிடுவதால் நிகழும் கிரகணம் இது. சூரிய கிரகணத்துக்கும் சந்திர கிரகணத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் நாம், வாரத்துக்கு இரண்டு முறைக்கும் மேலாக நிகழும் இந்தக் கிரகணத்தை அறியாமலே இருக்கிறோம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஆங்கில எழுத்தான ‘டபிள்யூ’ வடிவில் வட வானத்தில் தெரியும் காசியோப்பியாவுக்கு அடுத்து, சற்றுத் தெற்காகப் பெர்சியஸ் அமைந்திருக்கிறது. அந்தக் குழுவில் மிகப் பொலிவானது மிர்பாக். அங்கிருந்து தெற்கு நோக்கி, நீட்டிய கையின் முட்டி மறைக்கும் அகலத்துக்கு இறங்கினால் அல்கோலை அடையலாம். அதற்கு மேற்கே, அதைவிடச் சிறிது கூடுதலான தொலைவில் ஆன்ட்ரோமெடா குழுவின் அல்மாக் இருக்கிறது. மிர்பாக், அல்கோல், அல்மாக் மூன்றையும் இணைத்தால் அல்கோலின் இடத்தில் ஏறத்தாழச் செங்கோணம் விழும் முக்கோணம் கிடைக்கும். ஒருமுறை இந்த முக்கோணம் மனத்தில் பதிந்துவிட்டால் பிறகு வரைபடமே தேவைப்படாது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாலைகள் இதற்கு ஏற்ற காலம். டிசம்பர் இறுதியில் இரவு ஒன்பது மணி அளவில் அது வானில் தன் உச்ச உயரத்தில் நிற்கும்.

ஒரு கிரகண இரவில் என்னதான் தெரியும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விண்மீன்களின் பொலிவைக் குறிக்கும் எண், மங்க மங்கக் கூடிக்கொண்டே போகும் முறையில் அமைந்தது. இயல்பான நிலையில் அல்கோலின் பொலிவெண் 2.1. அல்மாக்கின் பொலிவெண்ணும் அதுவே. ஆகவே சாதாரண இரவுகளில் அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக நிற்கும். இதை முதலில் சில இரவுகள் பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. கிரகணம் முழுவதும் ஏறத்தாழப் பத்து மணி நேரம் நீடிக்கிறது என்றாலும், முதல் இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு எதுவும் நடக்காது. கிரகணத்தின் மையத்துக்கு, அதாவது அது மிகவும் மங்கியிருக்கும் நேரத்துக்கு, மூன்று மணி நேரம் இருக்கும்போது அல்மாக்கைவிட அல்கோல் ஒரு படி தாழ்ந்திருப்பது புலப்படும். அதற்குப் பிறகு மாற்றம் விரைவடைகிறது. மையத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அது தனக்குக் கிழக்கே உள்ள எப்சிலான் பெர்சியஸின் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 2.9 என்ற பொலிவெண்ணுக்கு, இறங்கிவிடும். மைய நேரத்தில் 3.4-ஐத் தொடும். தென்மேற்கே முக்கோணம் என்னும் சிறு குழுவின் நுனியில் இருக்கும் ஆல்பா விண்மீனும் அதே 3.4. மாலையில் அல்மாக்குக்கு நிகராக இருந்த ஒன்று, யாரும் பெயர் சொல்லி அழைக்காத ஒரு சிறு விண்மீனுக்கு நிகராக நிற்பதை அப்போது காணலாம். அந்த நிலையில் கால் மணி நேரம், இருபது நிமிடம் போல மாற்றம் தெரியாது. பின்னர் இறங்கிய வேகத்திலேயே ஏறத் தொடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அல்கோலுக்குத் தெற்கே இரண்டு பாகை தொலைவில் ரோ பெர்சியஸ் என்ற விண்மீன் இருக்கிறது. பக்கத்திலேயே இருப்பதால் அதனுடன் ஒப்பிடத் தோன்றும். அது தானே 3.3-க்கும் 4.0-க்கும் இடையில் மாறிக்கொண்டிருக்கும் விண்மீன் என்பதால் அளவுகோலாகப் பயன்படாது. மேலும், அடிவானத்துக்கு அருகில் உள்ள விண்மீன்களின் ஒளியைக் காற்று மண்டலம் கூடுதலாக விழுங்கிவிடும்; எனவே ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பவற்றையே ஒப்பிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, எதைவிடக் கூடுதல், எதைவிடக் குறைவு என்று நேரத்துடன் குறித்துவைத்தால் போதும். மறுநாள் அந்தக் குறிப்புகளைக் கட்டமிட்ட தாளில் புள்ளிகளாக வைத்தால், சரிந்து இறங்கி அதேபோல் ஏறும் வளைகோடு ஒன்று கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் அந்த வளைகோட்டின் நடுவே கோடு கிழித்தால் கிரகணத்தின் மைய நேரம் கிடைத்துவிடும். கவனமாகச் செய்பவர்கள் அதைப் பத்துப் பதினைந்து நிமிடப் பிழைக்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒரு கிரகணத்தின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடைப்பட்ட காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் கணக்கிடலாம். ஒரு மாதத்தின் பத்தாம் தேதி இரவு 11 மணிக்கு ஒரு மையம் நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பதின்மூன்றாம் தேதி இரவு 7.49-க்கு நிகழும். அதற்கடுத்தது பதினாறாம் தேதி மாலை 4.38-க்கு, பகல் வெளிச்சத்தில் வீணாகிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை கடிகாரத்தில் 3 மணி 11 நிமிடம் பின்னோக்கி நகர்வதால், இரவில் வசதியாக வரும் கிரகணங்கள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வந்து, பின்னர் சில நாள்களுக்குப் பகலில் ஒளிந்துகொள்ளும். ஏழு சுற்றுகளுக்குப் பிறகு, அதாவது இருபது நாள் கழித்து, முதலில் பார்த்த நேரத்தைவிட 1 மணி 43 நிமிடம் தாமதமாக மீண்டும் இரவுக்கு வரும். பதினைந்து சுற்றுகள் கூடினால் 43 நாளும் 15 நிமிடமும் ஆகின்றன. ஆகவே இன்றிரவு பார்த்த கிரகணத்தை நாற்பத்து மூன்று நாள் கழித்து ஏறக்குறைய அதே நேரத்தில் மறுபடியும் பார்க்கலாம். சூரியனை நாம் சுற்றிவரும்போது அல்கோலுக்குச் சற்று அருகிலும் சற்றுத் தொலைவிலும் மாறி மாறிச் செல்வதால், அங்கிருந்து வரும் ஒளி சில நிமிடம் முன்னும் பின்னுமாக வந்து சேரும் என்பது உண்மைதான்; கண்ணால் பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டாகாது.

இவ்வளவு எளிதாகத் தெரிவதை மனிதர்கள் எப்போது உணர்ந்தார்கள் என்ற வரலாறு, நான் வலியுறுத்த வரும் கருத்துக்கே சான்றாக அமைகிறது. இத்தாலியில் பொலோனாவில் இருந்த ஜெமினியானோ மோன்டனாரி 1660-களின் இறுதியில் அல்கோலின் பொலிவு மாறுவதைப் பதிவு செய்தார். ஆனால் அந்த மாற்றம் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்பது தெரிய நூறாண்டுக்கும் மேல் ஆனது. இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக் 1782 நவம்பர் 12 அன்று அல்கோல் மங்கியிருப்பதைக் கண்டபோது அவருக்கு வயது பதினெட்டு. குழந்தைப் பருவத்திலேயே நோயால் கேட்கும் திறனை இழந்தவர் அவர். வானியலில் அவரை ஈடுபடுத்திய எட்வர்ட் பிகாட் அண்மையிலேயே வசித்ததால் இருவரும் சேர்ந்தே நோக்கினார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவுதோறும் பார்த்துக் குறித்துவைத்த குட்ரிக், 1783 மே மாதத்தில் லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் சங்கத்துக்குத் தம் முடிவைத் தெரிவித்தார். அவர் கண்டறிந்த சுற்றுக்காலம் இன்றைய அளவிலிருந்து சில நிமிடங்களே மாறுபட்டது. அச்சங்கம் வழங்கும் காப்லி பதக்கம் அந்த ஆண்டு அவருக்கு வழங்கப்பட்டது. அதே காலத்தில் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே விவசாயம் செய்துகொண்டிருந்த யோகான் கியார்க் பாலிட்ச் என்பவரும் அல்கோலின் ஒழுங்கான மங்கலைத் தாமாகவே கண்டறிந்தார். 1758-இல் ஹாலி வால்மீன் திரும்பி வந்ததை முதலில் பார்த்தவரும் அவரே. ஓர் இளைஞரும் ஒரு விவசாயியும் கண்டுபிடித்ததை இன்றைய வாசகர்களால் காண முடியாது என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

மங்குவதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்றும் குட்ரிக் எழுதினார். ஒரு பெரிய பொருள் அல்கோலைச் சுற்றிவந்து குறுக்கே மறைக்கலாம். அல்லது அல்கோலின் ஒரு பக்கத்தில் கரும்புள்ளிகள் இருந்து, அது தன்னைத்தானே சுழலும்போது அந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பலாம் என்ற இரண்டு வாய்ப்புகளை அவர் முன்வைத்தார். விண்மீன்கள் இணையாக ஈர்ப்பில் கட்டுண்டு சுற்றுகின்றன என்பதை வில்லியம் ஹெர்ஷல் தம் நோக்கல்களைக் கொண்டு நிறுவியது 1803 வாக்கில்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, துல்லியமான கருவி எதையும் நம்பியிராத ஒருவர் சரியான விடைக்கு வெகு அருகில் வந்திருந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பும் மதிப்பும் பெருகுகின்றன. டெல்டா செபி, பீட்டா லைரே ஆகிய விண்மீன்களின் பொலிவு மாற்றங்களையும் 1784-இல் கண்டறிந்த அவர், 1786-இல் இருபத்தொரு வயதிலேயே இறந்துபோனார். ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இறப்பதற்குச் சில நாள் முன்புதான்.

அவருடைய முதல் கருத்தே சரி என்பது 1889-இல் உறுதியாயிற்று. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகத்தில் ஹெர்மன் ஃபோகல், அல்கோலின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து அதில் உள்ள கோடுகளின் நகர்வை அளந்தார். கிரகணத்துக்கு முன் பொலிவான விண்மீன் நம்மை விட்டு விலகிச் செல்வதும், கிரகணத்துக்குப் பின் நம்மை நோக்கி வருவதும் அந்தக் கோடுகளில் தெரிந்தன. மறைவதற்காகப் பின்பக்கம் செல்லும் பொருள் முதலில் விலகித்தானே செல்ல வேண்டும், மறைப்பு முடிந்த பிறகு நம்மை நோக்கி வரத்தானே வேண்டும். கண்ணால் கண்ட மங்கலும் கருவி காட்டிய வேகமும் ஒரே காலக் கணக்கில் பொருந்தியதால், கரும்புள்ளிக் கருத்துக்கு அதன் பிறகு இடமில்லாமல் போயிற்று.

சுமார் 90 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அந்த இரண்டு விண்மீன்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமானவை என்றால், அவற்றின் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 90 லட்சம் கிலோமீட்டரே உள்ளது. சூரியனுக்கும் புதனுக்கும் இடையே உள்ள தொலைவில் அது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பொலிவானது நீலம் கலந்த வெண்மை நிறமுடையது. சூரியனைப் போல மூன்று மடங்குக்கும் சற்றுக் கூடுதலான நிறையும், அதன் மேற்பரப்பில் சுமார் 12,500 கெல்வின் வெப்பமும் கொண்டது. குறுக்கிட்டு மறைக்கும் துணையோ செம்மஞ்சள் நிறமுடையது, அளவில் இன்னும் பெரியது, ஆனால் வெப்பம் 5,000 கெல்வினை எட்டாதது. அதன் நிறை சூரியனின் நிறையில் பத்தில் ஏழு பங்குதான். இந்த இணையைச் சுமார் 680 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் மூன்றாவது விண்மீன் ஒன்றும் உண்டு. மங்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த எண்களைக் கவனமாகப் படித்தவர்களுக்கு ஒரு முரண்பாடு தென்பட்டிருக்கும். தங்கள் கட்டுரை இதைத் தொடாமல் விட்டுவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. இரட்டை விண்மீன்களைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடச் சுவையான செய்தி அரிது. நிறை மிகுந்த விண்மீன்கள் தம் எரிபொருளை விரைவாகச் செலவழித்து விரைவாக முதுமை அடைகின்றன. சூரியன் சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகள் நிலைத்து ஒளிரக்கூடியது. அதைப் போல மூன்று மடங்கு நிறையுள்ள விண்மீனுக்குச் சில பத்துக்கோடி ஆண்டுகளே கிடைக்கும். அல்கோலின் இரண்டு விண்மீன்களும் ஒரே காலத்தில் பிறந்தவை. அப்படியானால் நிறை மிகுந்ததுதானே முதலில் முதுமை எய்தி உப்பியிருக்க வேண்டும்? அங்கே நேர்மாறாக, நிறை குறைந்த துணைதான் உப்பி முதுமை நிலையில் இருக்கிறது. நிறை மிகுந்ததோ இன்னும் இளமையோடு எரிந்துகொண்டிருக்கிறது. அல்கோல் முரண்பாடு என்றே வானியலாளர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். விண்மீன்களின் வாழ்க்கையைப் பற்றி அதுவரை கட்டியெழுப்பிய கொள்கை முழுவதையும் அது கேள்விக்கு உள்ளாக்கியது.

விடையை 1955-இல் ஜான் கிராஃபோர்ட் முன்வைத்தார். இன்று நிறை குறைந்ததாகத் தெரியும் துணைதான் தொடக்கத்தில் நிறை மிகுந்ததாக இருந்தது. அது முறைப்படி முதலில் முதுமை அடைந்து உப்பத் தொடங்கியது. தனித்து இருக்கும் விண்மீன் எவ்வளவு வேண்டுமானாலும் உப்பலாம். பக்கத்தில் ஒரு துணை இருக்கும்போது, ஒவ்வொன்றின் ஈர்ப்புக்கும் உட்பட்ட வெளிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நிரப்பிய பிறகும் உப்பினால், மிகுதியான வாயு இரண்டுக்கும் இடையே உள்ள சமநிலைப் புள்ளியின் வழியாக மற்றதன் மீது கொட்டத் தொடங்கும். இப்படி ஒன்றின் நிறையில் பெரும்பகுதி மற்றதைச் சென்று சேர்ந்ததால், மூத்தது மெலிந்தது, இளையது கனத்தது. 1967-இல் ருடோல்ஃப் கிப்பென்ஹானும் ஆல்ஃபிரட் வைகெர்ட்டும் கணினியைக் கொண்டு கணக்கிட்டு, இவ்வாறு நிகழ முடியும் என்று காட்டினார்கள். அல்கோலில் வாயு வழிவது இன்றும் முழுமையாக நின்றுவிடவில்லை. ஒரு விண்மீனின் வாழ்க்கையை அதன் துணை எப்படி அடியோடு மாற்றிவிடும் என்பதை அறிவியல் உலகம் அல்கோல் போன்ற இணைகளிடமிருந்துதான் கற்றது. அந்தச் செய்தியின் புறத் தோற்றத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்க்கிறோம் என்ற உணர்வோடு ஒருமுறை பார்த்தவர்கள் அதை எளிதில் விட்டுவிடமாட்டார்கள்.

கருவிகள் வேண்டியதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மங்கலான துணை, பொலிவான விண்மீனுக்குப் பின்னால் செல்லும்போதும் ஒரு கிரகணம் நிகழத்தான் செய்கிறது. அப்போது குறையும் ஒளி மிகச் சிறிது என்பதால் கண்ணுக்குப் புலப்படாது. 1910-இல் ஜோயல் ஸ்டெபின்ஸ், ஒளி பட்டதும் மின் தடை மாறும் செலினியத்தைப் பயன்படுத்தி அதை முதன்முதலில் அளந்து காட்டினார். இரண்டு விண்மீன்களையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதோ அதைவிடவும் கடினம். அவற்றுக்கு இடையே வானில் தெரியும் கோணம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு சென்டிமீட்டர் நீளப் பொருள் தரும் கோணத்துக்கு ஒப்பானது. அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் மலையில் ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் சாரா என்னும் அமைப்பின் வழியாக அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் உருவங்கள் கிடைத்து, 2012-இல் ஆய்விதழில் வெளியாயின. தங்கள் கட்டுரையுடன் வெளியான வண்ணப் படம், வாயு ஓடையும் சுடர்களும் தெளிவாகத் தெரியும்படி ஓவியர் வரைந்த ஒன்று. அது ஓவியம் என்ற குறிப்பு படத்தின் கீழே இல்லை. அது ஒளிப்படம் என்று நம்பும் சிறுவர்கள், வானில் ஒற்றைப் புள்ளியைக் கண்டு ஏமாற்றம் அடைவார்கள். ஆகவே இனி வரும் கட்டுரைகளில் ஓவியம் எது, ஒளிப்படம் எது என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெற்றுக்கண் நோக்கலால் அறிவியலுக்குப் பயன் உண்டா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. அல்கோலின் சுற்றுக்காலம் கல்லில் பொறித்ததுபோல் மாறாத ஒன்றன்று. நிறை ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிவதாலும், மூன்றாவது விண்மீனின் இழுப்பாலும், துணையின் காந்தப் புலச் செயல்பாட்டாலும் கிரகணங்கள் கணக்கிட்ட நேரத்திலிருந்து சிறிது சிறிதாக விலகுகின்றன. அந்த விலகலைப் பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடர்வதற்கு, குட்ரிக்கின் காலம் தொடங்கித் தனி மனிதர்கள் கண்ணால் பார்த்துக் குறித்த நேரங்களே ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தன. 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், உலகின் எப்பகுதியில் உள்ள ஆர்வலரும் அனுப்பும் குறிப்புகளை ஏற்றுத் தொகுத்து வருகிறது. இன்று துல்லியமான மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பள்ளி மாணவர் ஒருவர் தாம் பார்த்துக் குறித்த மைய நேரத்தை அச்சிட்ட நேரத்துடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போவதைக் காணும்போது அவருக்குக் கிடைப்பது வேறு எந்தப் பாடத்திலும் கிடைக்காத பயிற்சி. அளவு, பிழை, சராசரி, வளைகோடு ஆகிய அனைத்தையும் அவர் கற்பதற்கு அந்த ஒரே இரவு போதும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். சூரியன் எழும் நேரம், மறையும் நேரம், நிலவு எழும் நேரம் ஆகியவற்றை நாள்தோறும் வெளியிடும் சிறு கட்டத்திலேயே, அல்கோல் கிரகணத்தின் மையம் இரவில் விழும் நாள்களில் மட்டும் அந்த நேரத்தை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். மாதத்துக்குப் பத்து அல்லது பதினொரு கிரகணங்கள் நிகழ்ந்தாலும், அல்கோல் வானில் போதிய உயரத்தில் இருக்கும்போது இருட்டு வேளையில் அமைபவை அவற்றில் சிலவே. ஆகவே இடநெருக்கடி என்ற சிக்கல் எழாது. அந்த நாளுக்கு முந்தைய நாளிலேயே அறிவித்தால், இயல்பான பொலிவை முதல் இரவில் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, மறுநாள் மங்கலை ஒப்பிட வசதியாக இருக்கும். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, மிர்பாக், அல்மாக், எப்சிலான் பெர்சியஸ், முக்கோணத்தின் ஆல்பா ஆகியவற்றைப் பொலிவெண்களுடன் குறித்த சிறு வரைபடம் ஒன்றை அறிவியல் பக்கத்தில் வெளியிட்டால் வாசகர்கள் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இத்தகவல்கள் கைப்பேசிச் செயலிகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றனவே என்று சொல்லலாம். கிடைக்கின்றன, ஆனால் அல்கோல் என்ற பெயரையே அறியாதவர் அதைத் தேடப் போவதில்லை. நாளிதழைப் புரட்டும்போது கண்ணில் படும் ஒரு வரிதான் அவரை வெளியே வந்து அண்ணாந்து பார்க்கச் செய்யும். நகர வெளிச்சத்தில் விண்மீன்கள் எங்கே தெரிகின்றன என்ற குறையும் உண்மையானதே. பால்வழி மண்டலமும் வால்மீன்களும் நகரவாசிகளுக்கு எட்டாதவையாகிவிட்டன. எனினும் அல்கோல் இரண்டாம் தரப் பொலிவுள்ளது. விளக்குகளின் நேரடி வெளிச்சம் படாத மூலையில் பத்து நிமிடம் நின்று கண் இருளுக்குப் பழகினால் பெரும்பாலான நகரங்களிலும் அது தெரியும். கிரகணத்தின் மையத்தில் அது நகர வானில் ஏறக்குறைய மறைந்தே போவதையும் காணலாம். வெளிச்சத்தின் தொல்லைகூட அங்கே மங்கலை எடுப்பாகக் காட்டிவிடுகிறது.

அல்கோலில் பழகியவர்கள் பிறகு தாமாகவே மேலும் தேடிச் செல்வார்கள். ரிஷப ராசியில் உள்ள லாம்டா என்னும் விண்மீன் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இதேபோல் மங்குகிறது, ஆனால் இவ்வளவு ஆழமாக அன்று. ஆரிகா குழுவின் எப்சிலான் விண்மீன் ஏறத்தாழ 27 ஆண்டுக்கு ஒருமுறை மங்கி, ஓராண்டுக்கும் மேல் மங்கிய நிலையிலேயே நீடிக்கிறது. கடந்த முறை 2009 முதல் 2011 வரை அது நிகழ்ந்தது. தங்கள் அறிவியல் பக்கத்தில் இவற்றுக்கும் ஒரு நாள் இடம் கிடைக்க வேண்டும். முதலில் அல்கோலின் ஒற்றை வரியைத் தொடங்குங்கள். வரும் அக்டோபரிலேயே தொடங்க முடிந்தால், அந்தப் பருவத்தின் முதல் சில மாதங்களுக்கு வாசகர்கள் அனுப்பும் நோக்கல் குறிப்புகளில் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றை, அதன் வளைகோட்டுடன், மாதந்தோறும் வெளியிடுவதையும் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்